எந்த ஆய்த்து?

6 பிப்ரவரி 2003, வியாழன்

வியாழக்கிழமையானால் பெங்களூர் விவேக் நகரில் கால் வைக்க இடம் இருக்காது. குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிற கூட்டம் நம் வாசல் வரைக்கும் வண்டியை நிறுத்திவிட்டுப் போகும். பூக்காரி வந்தாச்சு, மெழுகுவத்திக்காரன் வந்தாச்சு. முன் அறையில் என் பிள்ளை வைத்திருக்கிற ஆபீஸ் ஆட்கள் மட்டும் வரவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. போனை நான் தொடுவதில்லை. அது என் பிள்ளை பிரகாஷுக்குத் தெரியும். மருமகள் வீணாவுக்கும் தெரியும். ஏன் என்றும் தெரியும்.

இந்த டைரி பேப்பர் கம்பெனிக்காரன் ஆபீசுக்குக் கொடுத்தது. ஒன்று எனக்குக் கொடு என்று கேட்டேன். "நீ இன்னாம்மா எழுதப் போற?" என்றான் பிரகாஷ். மூணாவது வரைக்கும் படிச்சவ எழுதக் கூடாதா? எழுத்து வரும். பேசத்தான் ஆள் வராது.

அவன் வந்த பிறகு போன் திரும்ப அடித்தது. ஃபர்னிச்சர் கடை சந்திரசேகரன். பிரகாஷ் நடத்துவது விளம்பர ஏஜென்சி, இவர்தான் அதற்குப் பெரிய கஸ்டமர். புதுக் கடை திறக்கிறாராம். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு நோட்டீஸ் வீடு வீடாகப் போக வேண்டுமாம்.

"ஆயிடும் சார். சனிக்கிழமை காலைல உங்க கையில" என்றான் என் பிள்ளை.

நோட்டீசுக்குப் படம் போடுகிறவன் சாமுவேல். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமுவேல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு யாருக்கோ கல்யாண மண்டப போர்டு வரைந்துகொண்டிருந்தான். தனக்கு ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தது அவனுக்குத் தெரியாது.

7 பிப்ரவரி, வெள்ளி

ஆபீஸ் ஆட்கள் மூன்று பேரும் மத்தியானம் வெளியே சாப்பிடப் போனார்கள். நான் வைத்த ரசம் அப்படியே இருக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆபீஸ் இல்லை. கம்ப்யூட்டர்களுக்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்த அறையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டும்போது சாவு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஹெலன் கோயிலுக்குப் போகிறபோது எட்டிப் பார்த்துக் கேட்டாள். "புள்ள இருக்கான், மருமக இருக்கா, பேரன் இருக்கான். நீங்க இன்னாத்துக்குக்கா தனியா கெடக்கிறீங்க?" சிரித்து அனுப்பிவிட்டேன். இதில் எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் அவர் தங்கவயல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுரங்கத் தூசி நெஞ்சில் இறுகிப்போய் மூச்சு இழுக்க முடியாமல் கிடந்தார். நான் எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பெங்களூரில் வீணா எடுத்தாள். "மாமாவுக்கு ரொம்ப முடியல. பிரகாஷ உடனே கெளம்பி வரச் சொல்லும்மா" என்றேன். "ஆய்த்து அத்தே" என்றாள்.

கன்னடக்காரி. இருந்தாலும் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஆய்த்து என்றால் ஆச்சு. சொல்லியாச்சு. நான் திரும்ப ஓடி அவர் காதில், "புள்ளைக்குச் சொல்லியாச்சு. சாயந்தர ரயில்ல வந்துனுகிறான்" என்றேன். அவர் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்தார். ரயில் வந்தது. அதில் வந்தவர்கள் எல்லாம் அவரவர் நோயாளியைத் தேடிக்கொண்டு வந்தார்கள். என் பிள்ளை வரவில்லை. மறுநாள் காலையில் வந்தான், அவர் கண்ணை நான் மூடி முடித்த பிறகு.

சொல்லாமலே சொல்லிவிட்டதாகச் சொன்னவள். அவரைப் பொய்க்குக் காத்திருக்க வைத்தவள். அவள் வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம்.

சுரங்கத்தை மூடின பிறகு பிரகாஷ் என்னை இங்கே அழைத்து வந்தான். பாணஸ்வாடியில் அவர்கள் வீட்டுக்கு வரமாட்டேன் என்றேன். கெஞ்சிப் பார்த்துவிட்டு இந்த வீட்டைப் பிடித்தான். பின்னால் எனக்கு, முன்னால் ஆபீசுக்கு. "ஆள் சத்தமாவது இருக்கும்மா" என்றான். இருக்கிறது. ஞாயிறு தவிர.

13 பிப்ரவரி, வியாழன்

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாமுவேல், "மமதா, ஃபர்னிச்சர் நோட்டீஸ் சிடி இது. பிரஸ்ஸுக்கு அனுப்பிடும்மா" என்றான். "ஆய்த்து சார்" என்றாள் மமதா. தும்கூர் பெண். கஸ்டமர் போன், பிரஸ், கொரியர் எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். என்னை அஜ்ஜி என்று கூப்பிடுவாள், கன்னடத்தில் பாட்டி. நல்ல பெண். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்தால் தேவலை. 

15 பிப்ரவரி, சனி

இன்று மானம் போனது.

சந்திரசேகரன் தானே காரில் வந்துவிட்டார். நோட்டீஸ் எங்கே என்றார். பிரகாஷ் சாமுவேலைப் பார்த்தான்.

"நான் வியாழக்கெழமயே முடிச்சுக் குடுத்துட்டேன். மமதா அனுப்பிட்டேன்னு சொல்லிச்சு."

"அனுப்பிட்டேன்னு நான் எங்க சார் சொன்னேன்? ஆய்த்துன்னு சொன்னேன்." என்றாள் மமதா. "அப்புறம் கடை போன் நம்பர் மாறுதுன்னு பிரகாஷ் சார் வந்து சொன்னாரு. புது நம்பர் வந்ததும் சாமுவேல் சார் மாத்துவாருன்னு சிடிய வெச்சிருந்தேன்."

"எனக்கு எந்த நம்பரும் வரல" என்றான் சாமுவேல்.

"நம்பர சந்திரசேகரன் சார் மமதாகிட்ட சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சேன்" என்றான் பிரகாஷ்.

சிடி மமதாவின் டிராயரில், டிபன் டப்பாவுக்கு அடியில் இருந்தது. சந்திரசேகரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க கடையில முக்காலி இருக்கு. அதுக்கும் மூணு காலுதான். ஆனா அது நிக்கும்" என்றார். போய்விட்டார்.

மமதா பாத்ரூமில் போய் அழுதாள். சாமுவேல் கம்ப்யூட்டரை அணைத்தான். பிரகாஷ் உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நாற்பது வயசுக்காரன், தரையில்.

"இது முதல் தடவை இல்லம்மா. போன மாசமும் இப்படித்தான், அதுக்கு முன்னாடியும் இப்படித்தான். வேலை தெரியாதவங்களா நாங்க? ஒவ்வொருத்தனும் தூங்காம வேலை செய்யறான். ஆனா ஒண்ணும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. மூடிடறேன். எங்கயாவது சம்பளத்துக்குப் போறேன்."

 மூடிவிட்டால்? தினமும் ஞாயிற்றுக்கிழமை. அதுதான் எனக்குத் தோன்றியது. பிள்ளை அழுகிறான், எனக்கு என் கவலை.

17 பிப்ரவரி, திங்கள்

வீணா வந்திருக்கிறாள்.

துணி ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. கப்பல் கிளம்புகிற தேதிக்குள் சட்டையெல்லாம் தைத்து, மடித்து, பெட்டிக்குள் போகிறதா என்று பார்க்கிற வேலையாம். லீவு போட்டுவிட்டு புருஷன் ஆபீசைச் சரி பண்ண வந்திருக்கிறாள். ஆட்டோவிலிருந்து ஒரு பெரிய பலகையை இறக்கினாள், குண்டூசி குத்துகிற மாதிரி மெத்தென்ற பலகை.

"சென்னாகித்தீரா அத்தே?" நல்லா இருக்கீங்களா என்கிறாள்.

"இருக்கேன்" என்றேன். உள்ளே வந்துவிட்டேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

பலகையை என் திரைச்சீலைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறாள். வேறு சுவரே இல்லையா?

நீல டேப் ஒட்டி ஐந்து பட்டையாகப் பிரித்திருக்கிறாள். இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. சாமுவேல் எனக்குப் படித்துச் சொன்னான். அவனும் தங்கவயல்காரன், பொறுமையாகச் சொல்வான். முதல் பட்டை, வந்த வேலை. இரண்டாவது, நான் செய்கிறேன் என்று ஒருவர் ஒத்துக்கொண்ட வேலை. மூன்றாவது, கஸ்டமர் பார்த்து ஓகே சொல்ல வேண்டியது. நாலாவது, பிரஸ்ஸில் இருப்பது. கடைசி, முடிந்து கஸ்டமர் கைக்குப் போனது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை, அதில் தேதி. யார் கையில் இருக்கிறதோ அவர் நிறத்துக் குண்டூசி. சாமுவேலுக்கு நீலம், மமதாவுக்கு மஞ்சள், பிரகாஷுக்குப் பச்சை, கஸ்டமருக்குச் சிவப்பு.

டப்பாவில் வெள்ளைக் குண்டூசியும் இருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன். "அது யாருக்கும் இல்லம்மா. டப்பாவோட வந்தது" என்றான்.

இருக்கிற வேலையை எல்லாம் குத்தி முடித்தபோது இரண்டாவது பட்டையில் நீலம் நீலமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தது. பிரகாஷ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தேதி சொல்றது நீங்க. வேலை செய்யறது சாமுவேல். அவர் கையில இவ்ளோ இருக்குன்னு தெரியாம எப்படி சனிக்கெழமன்னு சொன்னீங்க?" என்றாள் அவள். எல்லார் முன்னாலும்.

என் பிள்ளையைக் கேட்கிறாள். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

19 பிப்ரவரி, புதன்

காலையில் எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பலகை முன் நிற்க வேண்டுமாம். என் கையில் இது இருக்கிறது, இந்த இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம். நான் டீத் தட்டோடு போனேன்.

வீணா மமதாவிடம் ஏதோ கொரியர் அனுப்பச் சொன்னாள். "ஆய்த்து மேடம்" என்றாள் மமதா. வீணா கையை உயர்த்தினாள்.

"இனிமே இந்த ஆபீஸ்ல அந்த வார்த்தை வேண்டாம். நமக்குக் கன்னடத்துல 'சரி, செய்யறேன்'னாலும் ஆய்த்து. 'செஞ்சு முடிச்சேன்'னாலும் ஆய்த்து. தமிழ்க்காரங்களுக்கு அது 'ஆச்சு'ன்னு மட்டும்தான் காதுல விழும். நீ சரின்னு சொன்ன, சாமுவேல் அனுப்பியாச்சுன்னு கேட்டாரு. சந்திரசேகரன் சார் நோட்டீஸ் அதுலதான் போச்சு." பலகையின் இரண்டாவது பட்டையைத் தொட்டாள். "ஒரு ஆய்த்து இங்க இருக்கு." கடைசிப் பட்டையைத் தொட்டாள். "இன்னொரு ஆய்த்து அங்க இருக்கு. நடுவுலதான் மொத்த வேலையும் இருக்கு."

சாமுவேல் சிரித்தான். "ஒரு வார்த்தைக்கா மேடம் இவ்ளோ பெரிய பலகை?"

"இந்த வார்த்தையால நான் ஒருதடவ பட்டிருக்கேன்" என்றாள் வீணா. யாரையும் பார்க்காமல் சொன்னாள். முக்கியமாக என்னைப் பார்க்கவில்லை.

தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். தட்டை மமதா வாங்கிக்கொண்டாள். "அஜ்ஜி, உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

சரி, செய்யறேன். அதுதானா? சரி அத்தே, சொல்றேன். அதுவா சொன்ன? அப்போ நான் இன்னா சொன்னேன் அவருகிட்ட? யார் சொல்லி அவரு வாசலப் பாத்துக்கினு கெடந்தாரு?

இன்னைக்கு எழுத முடியல.

22 பிப்ரவரி, சனி

பிரகாஷ் சாப்பிடும்போது கேட்டேன். "அன்னைக்கு நீ எங்கடா இருந்த? உங்கப்பா போன அன்னைக்கு."

"மைசூர்லம்மா. போர்டு மாட்டப் போயிருந்தேன். உனக்குத் தெரியுமே."

"சேதி எப்பிடி வந்தது?"

"வீணா போன் போட்டுக்கினே இருந்தா. தெரிஞ்ச கடைக்கெல்லாம் போட்டா. எங்கிட்ட அப்போ செல் ஏது? ராத்திரி ஒரு பெட்ரோல் பங்க் ஆள்தான் சைக்கிள்ல வந்து சொன்னான். ஏன் இப்போ?"

"ரசம் ஊத்தட்டுமா?" என்றேன்.

கருமாதி அன்றைக்கு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தே, நான் அன்னைக்குச் சொன்னது" என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து போனேன். என்ன புடவை கட்டியிருந்தாள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அரக்கு நூல் புடவை. ஞாபகம் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

தப்பு என் மேல் என்று இதில் எழுதமாட்டேன். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததைச் சட்டென்று எங்கே இறக்குவது? தப்பு அந்த வார்த்தை மேல். கன்னடக்காரர்கள் இரண்டு வார்த்தை வைத்துக்கொண்டால் என்ன?

10 மார்ச், திங்கள்

எழுத நேரம் இல்லை என்று சொல்லமாட்டேன். நேரம் நிறைய. எழுத என்ன இருக்கிறது?

பலகையைத்தான் பார்க்கிறேன். திரைச்சீலையை விலக்கினால் அதுதான் தெரிகிறது. வீணா லீவை நீட்டிக்கொண்டு தினமும் வருகிறாள். நீல ஊசி குறைந்திருக்கிறது. போனில் பிரகாஷ் இப்போது, "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, கையால் போனை மூடிக்கொண்டு, "சாமுவேல், பன்னெண்டாம் தேதி முடியுமா?" என்று கேட்கிறான். "பதினஞ்சு" என்கிறான் சாமுவேல். பதினைந்து என்றே சொல்கிறான் பிரகாஷ். அந்தப் பக்கம் கோபித்துக்கொண்டாலும் பதினைந்துதான்.

சாமுவேல் முதலில் முறுக்கிக்கொண்டான். "ஜொரத்துக்குக் காயிதம் எழுதித் தொங்கவிடற ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றான். இப்போது சாயந்தரம் ஆறுக்கே வீட்டுக்குப் போகிறான். அவன் பெண்டாட்டி சந்தேகப்படுகிறாளாம், வேலை போய்விட்டதோ என்று.

ஆறுக்கே போகிறார்கள் எல்லாரும். முன்பெல்லாம் எட்டு, ஒன்பது வரை பேச்சுச் சத்தம் கேட்கும்.

24 மார்ச், திங்கள்

வீணா போய் உட்கார்ந்து பேசி சந்திரசேகரனிடம் யுகாதி விளம்பரத்தை வாங்கி வந்திருந்தாள். இன்று அவர் வந்தார். வரும்போதே வாசலில் ஆரம்பித்துவிட்டார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருக்கு. எங்கய்யா என் வேலை?"

வீணா பலகைப் பக்கம் கையைக் காட்டினாள். மூன்றாவது பட்டையில் அவர் அட்டை. அதில் சிவப்பு ஊசி.

"இதுல என் பேரு இன்னாத்துக்கு இருக்கு?"

"செவப்புன்னா கஸ்டமர் கையிலன்னு அர்த்தம் சார். போன திங்கக்கெழமயே நோட்டீஸோட சாம்பிள் அனுப்பினோம். நீங்க பாத்து ஓகே சொல்லணும். மமதா ரெண்டு தடவ போன் பண்ணிச்சு."

சந்திரசேகரன் கிட்டே போய்ப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். "அந்தக் கவர் என் கல்லாப்பெட்டிக்கு அடியிலதான் இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "எடுத்துடும்மா. யாராவது பாத்தா மானம் போயிடும்" என்றார்.

"நீங்க ஓகே சொன்னா நானே எடுத்துடறேன்."

"ஓகே, ஓகே. அந்தச் செவப்ப முதல்ல எடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால்தான் சிரித்தேன். வீணா திரும்பிப் பார்த்தாள்.

29 மார்ச், சனி

யுகாதி நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே. ஸ்வீட் பெட்டி வந்தது. வீணா ஒன்று எடுத்து என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

8 ஏப்ரல், செவ்வாய்

இன்னொரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. புதிதாக ஒரு பையன், ஒரு பெண். மேசை என் திரைச்சீலையைத் தொடுகிறது. வாசலுக்குப் போக உடம்பைச் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். "சாரி அஜ்ஜி, சாரி அஜ்ஜி" என்று எல்லாரும் எழுந்து வழிவிடுகிறார்கள். ஒரு நாளில் எத்தனை பேர் என்னிடம் பேசுகிறார்கள். வாசலில் வேலை இல்லாவிட்டாலும் போய்விட்டு வருகிறேன்.

10 ஏப்ரல், வியாழன்

முதல் பட்டையில் ஒரு புது அட்டை. பச்சை ஊசி. எந்தக் கஸ்டமர் என்று சாமுவேலைக் கேட்டேன். "அது... ஆபீஸ் சமாச்சாரம்மா" என்று கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான். மமதாவுக்கு மறைக்கத் தெரியாது. "ஆபீஸ் ஷிஃப்ட் அஜ்ஜி. கோரமங்கலாவுல பெரிய எடம் பாக்கறாங்க. நல்லதுதானே?"

நல்லதுதானே.

மூடினாலும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை, வளர்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமை.

14 ஏப்ரல், திங்கள்

லீவு. யாரும் இல்லை. அட்டை இரண்டாவது பட்டைக்குப் போயிருந்தது. ஊசியைப் பிடுங்கினேன். திரும்ப முதல் பட்டையில் குத்தினேன். யார் கேட்கப் போகிறார்கள்?

15 ஏப்ரல், செவ்வாய்

காலையில் வீணா வந்தாள். பார்த்தாள். ஒன்றும் பேசாமல் இரண்டாவது பட்டையில் குத்திவிட்டு டீ குடித்தாள்.

அவர்கள் போன பிறகு முதல் பட்டைக்கு மாற்றினேன்.

16 ஏப்ரல், புதன்

இரண்டாவதில் இருந்தது. மாற்றினேன்.

21 ஏப்ரல், திங்கள்

மூன்றாவதில் இருக்கிறது. கோரமங்கலா இடத்துக்காரர் ஓகே சொல்லவேண்டியதுதான் பாக்கியாம். இன்று நான் மாற்றவில்லை. கை அட்டை வரைக்கும் போனது. பக்கத்தில் மமதாவின் அட்டை ஒன்று இருந்தது, மஞ்சள் ஊசியோடு. தவறி அதைத் தொட்டு எங்கேயாவது நகர்த்திவிட்டால் அந்தப் பெண் மறுபடியும் பாத்ரூமில் போய் அழும். கையை இழுத்துக்கொண்டேன்.

திரும்பினால் வாசலில் வீணா நிற்கிறாள். குடையை மறந்து விட்டுப் போனாளாம்.

"நீங்கதான்னு மொதல் நாளே தெரியும் அத்தே."

"தெரிஞ்சு இன்னாத்துக்குக் கேக்கல?"

"கேட்டா நீங்க நிறுத்திடுவீங்க. எங்கிட்ட நீங்க ஏதோ சொல்றது அது ஒண்ணுதானே" என்றாள். குடையை எடுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு வந்துடுங்கன்னு கூப்பிட்டா வரமாட்டீங்க. இல்லையா?"

 வாய் வரைக்கும் என்னவோ வந்தது. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். போய்விட்டாள்.

2 மே, வெள்ளி

போய்விட்டார்கள். லாரி வந்து மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. சாமுவேல் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கிறிஸ்தவப் பிள்ளை, அவன் அம்மா பார்த்தால் திட்டுவாள். மமதா கட்டிக்கொண்டாள். பிரகாஷ், "போன் இங்கயே இருக்கட்டும்மா. எடுக்கறது எடுக்காதது உன் இஷ்டம். நான் தெனம் வரேன்" என்றான்.

தினம் என்கிறான். சாமுவேலைக் கேட்காமல் சனிக்கிழமை என்று சொன்னவன்தானே.

பலகையை எடுத்துப் போகவில்லை. இனி எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்குமாம். யார் எங்கிருந்து பார்த்தாலும் தெரியுமாம்.

முன் அறைக் கதவைச் சாத்திவிட்டேன். பின்பக்கமாகவே போய் வருகிறேன்.

6 மே, செவ்வாய்

பிரகாஷ் நேற்று வரவில்லை. இன்றும் வரவில்லை.

8 மே, வியாழன்

கோயில் கூட்டம். போன் அடித்தது. சாத்தின கதவுக்குப் பின்னால் அடித்து அடித்து ஓய்ந்தது. ஹெலன் வந்து, "எடுங்கக்கா, அவசரமா இருக்கப் போவுது" என்றாள். அவசரமான போனை நான் பார்த்திருக்கிறேன் என்றேன்.

11 மே, ஞாயிறு

பிரகாஷ் வந்தான், ராகேஷையும் அழைத்துக்கொண்டு. பேரன் கன்னடத்தில் கேட்கிறான், நான் தமிழில் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் புரிகிறது. போகும்போது, "அஜ்ஜி, போர்டு பாத்தியா?" என்று கேட்டான். எந்த போர்டு என்றேன். அப்பனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன் அறையைத் திறந்தேன். தூசி. பலகை முழுக்க ஊசி குத்தின ஓட்டைகள்.

முதல் பட்டையில் ஓர் அட்டை இருந்தது. தமிழில். ஒன்றாவது படிக்கிற பிள்ளை எழுதின மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு:

அத்தே விட்டுக்கு வருவது.

தேதி இல்லை. ஊசி வெள்ளை.

வெள்ளை யாருக்கு என்று இப்போது தெரிகிறது. என் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் போன நாளிலிருந்து என் கையில்தான் இருந்திருக்கிறது. சந்திரசேகரன் மாதிரி நானும் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெருக்காமலேயே வந்துவிட்டேன்.

15 மே, வியாழன்

கூட்டம். பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. போய் எடுத்தேன்.

 எடுப்பேன் என்று வீணா நினைக்கவில்லை போலிருக்கிறது.

"அத்தே? நீங்களா?"

"'வீட்டுக்கு'ன்னா நெடில் போடணும். நீ 'விட்டுக்கு'ன்னு எழுதி வெச்சிருக்க."

"சாமுவேல் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு அத்தே."

"அவன் மேல பழியப் போடாத. அவன் ஒழுங்கா எழுதுவான்."

சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, போனில் தெரியவில்லை. வாசலில் மெழுகுவத்திக்காரன் கத்திக்கொண்டிருந்தான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆய்த்து" என்றேன்.

 மெதுவாக, பலகை முன்னால் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "எந்த ஆய்த்து அத்தே?"

"மொத ஆய்த்து. கடைசி ஆய்த்துக்குத் தேதி கேக்காத."

"கேக்கல" என்றாள்.

போனை வைத்துவிட்டு, அட்டையைப் பிடுங்கி இரண்டாவது பட்டையில் குத்தினேன். அதே வெள்ளை ஊசியால். மழைக்காலத்துக்கு முன்னால் கம்பளியை வெயிலில் போட வேண்டும். தகரப் பெட்டிக்குப் பூட்டு எங்கே வைத்தேன் என்று பார்க்க வேண்டும்.